ஒரே மாத்திரை, ஆளுக்கொரு விளைவு

"இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கிறதில்லை" என்று ஒருவர் சொன்னால், அதை வீண் பயம் என்று பலர் தள்ளிவிடுகிறோம். தள்ளிவிடக் கூடாது. அதற்கான காரணம் அவர் பெற்றோரிடமிருந்து வந்த மரபணுவிலேயே இருக்கலாம்.

காசநோய்க்குத் தரும் ஐசோநியாசிட் இதற்கு நல்ல சான்று. 1952-இல் புழக்கத்துக்கு வந்த மருந்து அது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குப் பாதம் மரத்துப்போனது, உள்ளங்கால் எரிந்தது. அதே மாத்திரையை அதே அளவில் சாப்பிட்ட மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

காரணம் கல்லீரலில் இருந்தது. நாம் விழுங்கும் மருந்துகள் பலவற்றை மாற்றி, வெளியேற்றத் தோதாக்குவது கல்லீரல் நொதிகளின் வேலை. ஐசோநியாசிட்டைக் கவனிப்பது என்.ஏ.டி.2 என்ற நொதி. அதை உருவாக்கும் மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டாக நமக்கு வருகிறது. இரண்டுமே மந்தமான வகையாக அமைந்துவிட்டால் மருந்து மெதுவாகத்தான் கழியும். வேகமான உடலில் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் ரத்தத்திலுள்ள ஐசோநியாசிட் பாதியாகக் குறைந்துவிடும். மந்தமான உடலில் அதற்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். தேங்கி நிற்கும் மருந்து, நரம்புகளுக்குத் தேவையான வைட்டமின் பி6 சத்தைக் குறைத்துவிடுகிறது. பாதம் மரத்துப்போவது அதனால்தான்.

இது அபூர்வமான குறை அல்ல. ஜப்பானியரில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் மந்த வகை. இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த வகையே.

1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், இதை நம் நோயாளிகளிடமே ஆராய்ந்தது. நரம்புத் தொல்லை பெரும்பாலும் மந்த வகையினரையே பிடித்தது. சிறிதளவு பி6 மாத்திரை சேர்த்துக் கொடுத்தபோது அதைத் தடுக்க முடிந்தது. வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது, வேக வகையினருக்குக் குணம் குறைவாக இருந்தது. தினமும் கொடுத்தபோது இரு வகையினரும் ஒரே மாதிரி தேறினார்கள். காசநோய் மாத்திரையை ஒரு நாள்கூட விடாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில மருந்துகளில் கதை தலைகீழ். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளோபிடோக்ரெல், விழுங்கும் நிலையில் வேலை செய்யாது. கல்லீரல் அதை மாற்றிய பிறகே அதற்குச் சக்தி வரும். அப்படி மாற்றும் நொதி மந்தமானவர்களுக்குத் தினமும் மாத்திரை போட்டும் போதிய பாதுகாப்புக் கிடைக்காமல் போகலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010-இல் இதற்கென்றே கடுமையான எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது. இப்படிப்பட்டவர்களுக்கு மாற்று மருந்துகள் உண்டு.

அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தப் போடும் சக்சமித்தோனியம் ஊசி வழக்கமாகச் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். அதைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருந்தால், மூச்சு விடும் தசைகள் மணிக்கணக்கில் செயலற்றுக் கிடக்கும். அதுவரை செயற்கைச் சுவாசம் தேவைப்படும். தலைமுறைகளாகத் தங்களுக்குள்ளேயே மணமுடித்துவரும் ஆரிய வைசிய சமூகத்தில் இந்தக் குறை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது.

நாம் என்ன செய்யலாம்? ஏதாவது ஒரு மருந்து படுத்தியிருந்தால், அதன் பெயரையும் என்ன ஆனது என்பதையும் எழுதி, மருத்துவச் சீட்டுகளோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முன், ரத்த உறவில் யாருக்காவது மயக்கம் தெளியத் தாமதமானதா என்று விசாரித்து, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் சொல்லுங்கள். வயது, கல்லீரல் நோய், கூடவே சாப்பிடும் வேறு மருந்துகள் ஆகியவையும் விளைவை மாற்றும். ஆகவே அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரையை வாங்கிப் போடவும் வேண்டாம். அவர் கல்லீரல் வேறு, உங்கள் கல்லீரல் வேறு.