அமிலத்துக்கு மசியாத கருமணல்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்புக் கறுப்பாக ஒதுங்கும் மணலில் பெரும்பங்கு இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த தாது. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட்டுக்கும் பற்பசைக்கும் நிறம் கொடுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு இதிலிருந்துதான் வருகிறது. அதற்கு இரும்பைப் பிரிக்க வேண்டும். பிரிப்பது அமிலத்தின் வேலை.

அமிலம் திணறுகிறது. கந்தக அமில முறையில், ஏறக்குறைய நீரே கலக்காத அமிலத்தோடு 150 டிகிரிக்கு மேல் சூடு ஏற்ற வேண்டும். முடிவில் அன்னபேதி எனும் இரும்பு சல்பேட்டும் நீர்த்த அமிலமும் கழிவாகக் குவியும். நம் கரை மணலில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. காலங்காலமாக நீர் கொஞ்சம் இரும்பை அரித்துக்கொண்டு போனதால், கணக்குப்படி 52.6 சதவீதம் இருக்க வேண்டிய டைட்டானியம் டை ஆக்சைடு இங்கே 55 அளவுக்கு ஏறியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் மிஞ்சிய இரும்பில் கணிசமான பகுதி மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, அமிலத்தில் கரைய அடம் பிடிக்கிறது.

இந்த இடத்தில்தான் தீவிர அரவை வருகிறது. கோள் அரவை இயந்திரத்தில் குடுவை தன்னைத்தானே சுற்றும்; அதைத் தாங்கும் தட்டு எதிர்த்திசையில் சுற்றும். உள்ளே இருக்கும் எஃகுக் குண்டுகள் மணலை மொத்தி எடுக்கும்.

நாகர்கோவிலில் வேதியியல் நடத்திய காலத்தில் இதைச் சொன்னால் ஒரு மாணவனாவது கேட்பான்: “நைசா அரைச்சா பரப்பு கூடும், சீக்கிரம் கரையும். அவ்வளவுதானே சார்?”

அவ்வளவு மட்டும் இல்லை. ஓரளவுக்கு மேல் துகள் சிறுப்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடத் தொடங்கும். அதன் பிறகும் குண்டு விழ விழ உள்ளே அணுக்களின் வரிசை கலைகிறது. சுவரை இடிக்காமல், கல்லுக்கு நடுவே உள்ள சாந்தை மட்டும் தளர்த்தியது போல. எக்ஸ் கதிர் வரைபடத்தில் கூர்மையான முகடுகள் குட்டையாகி அகலும். உள்ளே நடந்த சேதத்துக்கு அதுவே சாட்சி. நிலைகுலைந்த அந்தப் படிகத்துக்குள் அமிலம் குறைந்த சூட்டிலேயே புகுந்துவிடும்.

ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வகத்தினர் உள்ளிட்ட குழு மணவாளக்குறிச்சி இல்மனைட்டையே இப்படி அரைத்து, கந்தக அமிலம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டிலும் கரைத்துப் பார்த்து 2007இல் வெளியிட்டது. அரைத்த மணல் வேகமாகக் கரைந்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைந்த டைட்டானியம் மறுபடி திடமாகப் படிகிறது. இரும்பு கரைசலிலேயே நிற்கிறது. பிரிக்க நினைப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனாலும் ஆய்வகக் குடுவையைப் பார்த்துவிட்டு ஆலை கட்டக் கிளம்புகிறவர்களை நான் நம்புவதில்லை. குண்டுகள் மொத்தும் ஆற்றலில் பெரும்பகுதி வெறும் சூடாகப் போகிறது. அரவைக்கான மின்கட்டணம், சூட்டில் மிச்சமாகும் செலவை விழுங்கிவிடலாம். குண்டு தேய்ந்து, எந்த இரும்பை நீக்கப் பாடுபடுகிறோமோ அதே இரும்பு மறுபடி கலக்கும். கடைசியில் அந்த மாவை அமிலத்திலிருந்து வடிகட்ட வேண்டும். அரவை எவ்வளவு நைசோ, வடிதுணி அவ்வளவு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.