பழைய கணினிக்கு எந்த லினக்ஸ்?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. வாப்பா வாங்கித் தந்த மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஏறாது. எங்களைப் போல, புதிதாக வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் ஒரு நல்ல வழி.

லினக்ஸில் வகைகள் பல. புதியவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். அதன் மெனு விண்டோஸில் பழகியது போலவே இடப்பக்க மூலையில் இருக்கும். வேர்ட் கோப்புகளைத் திறக்கும் லிப்ரே ஒபிஸ் கூடவே வரும். 4 ஜிபி நினைவகமுள்ள பழைய கணினிக்கு எக்ஸ்எப்சிஇ பதிப்பே பாரமில்லாதது.

நிறுவுமுன் பென்டிரைவிலிருந்தே இயக்கி, வைபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா எனப் பாருங்கள். நிறுவும்போது பழையவை அழியக்கூடும். ஒப்படைகளையும் குடும்பப் படங்களையும் முதலில் வேறிடத்தில் பிரதி எடுங்கள்.

பெற்றோரே, கணினியைப் பழையதென்று ஒதுக்குமுன் இதைச் செய்து பாருங்கள். தங்கையின் படிப்புக்கும் அதுவே உதவும்.