கருங்காய்ச்சலும் இரு நகரங்களும்

குளத்து நீரில் ஒரு துளியை நுண்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கின், அதனுள் ஓர் உலகமே இயங்குவதைக் காண்கிறோம். உருமாறி ஊர்ந்து செல்லும் அமீபாவும், செருப்பு வடிவில் நீந்தும் பரமீசியமும் ஒரே உயிரணுவாலான முழு உயிர்கள். இத்தகையவற்றுள் பல எவர்க்கும் தீங்கின்றித் தனித்து வாழ்வன. சிலவோ பிறர் உடலையே வீடாக்கிக் கொள்வன.

அத்தகைய ஒட்டுண்ணி ஒன்றன் வரலாற்றில், நாம் விட்டுவந்த சென்னைக்கும் வந்து வாழும் கொல்கத்தாவுக்கும் பங்கு உண்டு.

காலா அசார் என்னும் கருங்காய்ச்சல் வங்காளம், அஸ்ஸாம், பீகார்ப் பகுதிகளில் ஊர் ஊராகப் பரவியது. விடாத காய்ச்சல், மெலிந்த உடல், மண்ணீரல் வீங்கிப் புடைத்த வயிறு ஆகியன அதன் அடையாளங்கள். பலர் இதனை மலேரியாவென்றே கருதினர். ஆனால் கொயினாவுக்கு அது கட்டுப்படவில்லை.

டம்டம்மில் நோயுற்று இங்கிலாந்தில் மாண்ட படைவீரனது மண்ணீரலில் தாம் கண்ட நுண்பொருள்களைப் பற்றி வில்லியம் லீஷ்மன் 1903-இல் எழுதினார். அவ்வாண்டே சென்னையில் மருத்துவர் சார்லஸ் டானவன் அவற்றை இறந்தோர் உடலில் மட்டுமன்றி, உயிரோடிருந்த சிறுவன் ஒருவனிடமும் கண்டார். ஆகவே அவை பிணத்தில் தோன்றிய சிதைவுகள் அல்ல, நோயின் வித்தே என்பது தெளிவாயிற்று. ரொனால்டு ராஸ் இருவர் பெயரையும் இணைத்து, அவ்வுயிருக்கு ‘லீஷ்மேனியா டானவனி’ எனப் பெயரிட்டார்.

பகையை அறிந்தாயிற்று, மருந்து வேண்டுமே! கல்கத்தா காம்பெல் மருத்துவமனையின் சிற்றறையில், மண்ணெண்ணெய் விளக்கொளியில் உழைத்த உபேந்திரநாத் பிரம்மச்சாரி ‘யூரியா ஸ்டிபமின்’ என்னும் மருந்தை உருவாக்கினார். பல்லாயிரவர் உயிர் பிழைத்தனர். நோயைப் பரப்புவது கொசுவினும் சிறிய மணல் ஈயே என்பதை 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் ஐயமற நிறுவினர்.

இன்று இந்நோய் பெரிதும் குறைந்துள்ளது. எனினும் அறவே ஒழியவில்லை. பீகார், ஜார்க்கண்ட் போன்ற இடங்களில் வாழும் நம்மவர் நினைவிற் கொள்ளவேண்டியவை சில உள. ஈரமண்ணிலும் மாட்டுத் தொழுவத்திலும் மணல் ஈ பெருகும்; சுவர் வெடிப்புகளில் பதுங்கி இரவில் கடிக்கும். எனவே வெடிப்புகளைப் பூசுவோம். வீட்டைச் சுற்றித் தூய்மை பேணுவோம். மருந்து தெளிக்க வருவோரைத் தடுக்காதிருப்போம். இரண்டு வாரங்களுக்கு மேலும் காய்ச்சல் நீடித்தால் கைமருந்தில் காலங்கடத்தாது மருத்துவரை நாடுவோம். விரல்நுனிக் குருதி சிறிதளவே போதும், சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். உரிய காலத்தில் சிகிச்சை பெற்றால் குணமாகக்கூடிய நோய் இது. புறக்கணித்தாலோ உயிரையே பறிப்பது.

கண்ணுக்குத் தெரியாததென்று எதனையும் எளிதாக எண்ணாதிருப்போமாக!