ஒரு கொலை, ஏழு வாக்குமூலம், கொஞ்சம் ஜாப்பனீஸ்

இந்த எபிசோடை ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர்ல இருந்து ரெக்கார்ட் பண்றேன். பறவைச் சத்தம் கேட்டா ரசிச்சுக்கோங்க, எடிட் பண்ண மாட்டேன்.

'ஜாப்பனீஸ் கத்துக்க என்ன படிக்கலாம்?' இதுக்கு என் பதில், ஒரு கொலைக் கதை. அகுதகவா ரியூனோசுகே 1922-ல் எழுதிய 'யபு நோ நாகா'. 'புதருக்குள்ளே'ன்னு அர்த்தம். ஒரு சாமுராய் செத்துக் கிடக்கிறான். விறகுவெட்டி, துறவி, காவலர், மாமியார், கொள்ளைக்காரன், மனைவி, கடைசியா சாமியாடி வழியா செத்தவனேன்னு ஏழு பேர் பேசுறாங்க. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தரோட ஒட்டாது. குரோசவா 1950-ல் எடுத்த 'ராஷோமோன்' படத்தின் கதை இதுதான். அந்தப் படத்தின் தூண்டுதலில்தான் 1954-ல் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' வந்தது.

மொழி கத்துக்க இது ஏன் நல்ல கதை? முதல் காரணம், ஒரே சம்பவம் திரும்பத் திரும்ப வருது. கயிறுன்னா 'நவா', குதிரைன்னா 'உமா' (எந்த உமாவும் கோச்சுக்காதீங்க). நாலாவது ஆள் பேசும்போது பாதி வார்த்தை பழகிடும்.

ரெண்டாவது, தமிழ் தெரிஞ்சவங்களுக்கு இந்த வாக்கிய அமைப்பு புதுசே இல்லை. வினைச்சொல் கடைசியில்தான் வரும். 'தபெதே' சாப்பிட்டு, 'மிரு' பார்; சேர்த்தா 'தபெதே மிரு', அதாவது 'சாப்பிட்டுப் பார்'! நம்ம 'னு' அங்கே 'தோ'. 'ஃபுரு' பெய்யும், 'ஃபுரு சோ தெஸு' பெய்யுமாம். நம்ம 'ஆம்' செய்யற வேலையை அங்கே 'சோ தெஸு' செய்யுது. இதை வெச்சு ரெண்டும் ஒரே குடும்பம்னு சொல்லிட முடியாது. ஓனோ சுசுமு அப்படி வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கலை. ஆனா படிக்கிற நமக்கு லாபம்தான்.

மூணாவது, மரியாதை. விறகுவெட்டி அதிகாரி முன்னாடி 'கொசைமாஸு' போட்டுப் பேசுறார், நம்ம 'ங்கய்யா' மாதிரி. செத்தவனுக்கு யார்கிட்டயும் பயமில்லை. தன்னை 'ஒரே'ன்னு விறைப்பா சொல்லிக்கிறான். பேசுறவன் யாருன்னு வாக்கியத்தோட வாலே காட்டிக் கொடுத்துடும்.

இது வெறும் இலக்கண விளையாட்டு இல்லை. ஜப்பான் கிளையன்ட்டோட மீட்டிங்ல இருக்கீங்க. அவர் நீளமா பேசி, கடைசியில் 'தோ ஒமோய்மாஸு'ன்னு முடிக்கிறார். 'னு நினைக்கிறேன்'னு அர்த்தம். அதைத் தவறவிட்டா, அவரோட கருத்தை முடிவுன்னு எடுத்துட்டு நீங்க கோட் எழுத உட்கார்ந்துடுவீங்க. கண்ணால் பார்த்ததா, கேள்விப்பட்டதா, யூகமா? இந்தக் கதை முழுக்க அந்தப் பயிற்சிதான்.

எப்படிப் படிக்கிறது? 'அஓசோரா புன்கோ' தளத்தில் இலவசமா இருக்கு. கஷ்டமான காஞ்சிக்கு உச்சரிப்பும் போட்டிருக்காங்க. ஆரம்ப நிலையில் எடுக்காதீங்க. என்4 முடிச்சு என்3-க்குப் படிக்கும்போது தொடங்குங்க. பழைய பதவிப் பெயர்களைத் தாண்டிப் போங்க. ஒரு நாளைக்கு ஒரு வாக்குமூலம் போதும். முதல் வாசிப்பில் அகராதி வேண்டாம். சிக்னல் வந்து வந்து போற இந்த மலை அதுக்கு ரொம்ப வசதி.

ஒரு நோட்டில் மூணு கட்டம் போடுங்க: பார்த்தது, கேட்டது, யூகிச்சது. ஒவ்வொரு வாக்கியத்தோட வாலையும் பார்த்து அதில் நிரப்புங்க. ஏழாவது நாள், கொன்னது யாருன்னு எனக்கு எழுதுங்க. நிச்சயம் நமக்குள்ள சண்டை வரும்!