வாலைப் பார்க்காதீர்கள், தலையைப் பாருங்கள்!



கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில், என்னைப் போல் தமிழில் படித்து, பத்தாவதோடு நிறுத்திக் கல்யாணம் ஆனவர்கள் ஏராளம். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறோம், வீட்டையும் பார்க்கிறோம், குழுவில் லோன் வாங்கித் தவணை கட்டுகிறோம். கணக்கு வழக்கில் நம்மை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் செல்போனில் இங்கிலீஷில் ஒரு மெசேஜ் வந்துவிட்டால், "ஏய், இது என்னன்னு பாரு" என்று பிள்ளையைத் தேட வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு இப்படித்தான் பாங்கிலிருந்து 'வில் பி டெபிட்டட்' என்று மெசேஜ் வந்தது. டெபிட் என்றால் பணம் எடுப்பது என்று அவருக்குத் தெரியும். தவணையைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து, மிச்சமிருந்த பணத்தை எடுத்துக் கடை பாக்கியை அடைத்தார். இரண்டு நாள் கழித்துத் தவணை தேதி. கணக்கில் பணம் இல்லை, அபராதம் விழுந்தது! சொல் தெரிந்தும் இலக்கணம் தெரியாததால் வந்த நஷ்டம் இது.

அதன்பின் சாயங்காலங்களில் நாங்கள் நாலைந்து பேர் திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளைகளின் பழைய புத்தகங்களை வைத்துப் படிக்க ஆரம்பித்தோம். அதில் புரிந்த சங்கதி ஒன்றுதான். தமிழ் எதையெல்லாம் சொல்லின் வாலில் ஒட்டுகிறதோ, அதைப் பெரும்பாலும் ஆங்கிலம் முன்னால் கொண்டுபோய் வைக்கிறது.

* ஆள்: 'வந்தேன்' என்றாலே நான் என்று தெரிந்துவிடும். 'வந்தாள்' என்றால் அவள். ஆங்கிலத்தில் 'கேம்' என்று மட்டும் சொன்னால் வந்தது யார் என்றே தெரியாது. அதனால் 'ஐ கேம்', 'ஷி கேம்' என்று ஆளை முன்னால் நிறுத்த வேண்டும்.

* வேற்றுமை உருபு: பள்ளியில் ஐ, ஆல், கு என்று படித்தோமே, அதேதான். 'மதுரைக்கு' என்பது 'டு மதுரை'. 'மதுரையிலிருந்து' என்பது 'ஃப்ரம் மதுரை'. 'வீட்டில்' என்பது 'இன் தி ஹவுஸ்'.

* வரிசை: 'நாய் பூனையைக் கடித்தது' என்றாலும், 'பூனையை நாய் கடித்தது' என்றாலும் நமக்குக் கடிபட்டது பூனைதான். 'ஐ' உருபு காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் 'தி டாக் பிட் தி கேட்' என்பதில் இடம் மாற்றினால் பூனை நாயைக் கடித்துவிடும்! அங்கே கடித்தவர் முதலில், கடித்தது நடுவில், கடிபட்டவர் கடைசியில்.

* இஸ்: 'இது வீடு' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவோம். ஆங்கிலத்தில் வினை இல்லாமல் வாக்கியம் நிற்காது. 'திஸ் இஸ் எ ஹவுஸ்' என்று இஸ் வேண்டும், எ வேண்டும்.

* கேள்வி: நாம் கடைசியில் ஒரு 'ஆ' போட்டால் போதும், 'போகிறாளா?' ஆங்கிலத்தில் 'டஸ் ஷி கோ?' என்று டஸ் முன்னால் வந்து நிற்கும். கேள்வியாக இல்லாதபோது 'ஷி கோஸ்'. அவன், அவள், அது மூன்றுக்கும் நிகழ்காலத்தில் மட்டும் வாலில் இந்த 'ஸ்' ஒட்டும்.

* காலம்: அக்காவைக் கவிழ்த்தது இதுதான். 'டெபிட்டட்' என்ற வாலைப் பார்த்து முடிந்துபோன காரியம் என்று எண்ணிவிட்டார். முன்னால் நிற்கும் துணைச் சொல்லைப் பார்க்க வேண்டும். 'ஹேஸ் பீன் டெபிட்டட்' என்றால் பணம் எடுத்தாகிவிட்டது. 'வில் பி டெபிட்டட்' என்றால் இனிமேல்தான் எடுப்பார்கள். கணக்கில் பணம் வைத்திருக்க வேண்டும். 'கிரெடிட்டட்' என்றால் வரவு.

ஒரு விஷயத்தில் ஆங்கிலம் நம்மைவிட எளிது. நீ, நீங்கள் இரண்டும் 'யூ'தான். மாமியாருக்கும் யூ, மகளுக்கும் யூ! மாமனாரை 'ஹி' என்றால் மரியாதைக் குறைவும் இல்லை. நாம், நாங்கள் என்ற வித்தியாசமும் கிடையாது, எல்லாம் 'வி'.

தாய்மொழியோடு ஒப்பிட்டுப் படித்தால் இங்கிலீஷ் வராது என்று சிலர் சொல்வார்கள். கோவில்பட்டி பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவரை நினைத்துப் பாருங்கள். இத்தாலியில் 1680ல் பிறந்தவர். நம் ஊருக்கு வந்து தமிழ் கற்றுத் தேம்பாவணி பாடினார். தமக்குப் பின் வரும் பாதிரிமார் நம் பேச்சுத் தமிழைக் கற்பதற்கு இலக்கணமும் எழுதினார். அதை எழுதியது அவர்கள் படித்திருந்த லத்தீன் மொழியில்! 1738ல் தரங்கம்பாடியில் அது அச்சானது. தெரிந்த மொழியைக் கொண்டு தெரியாத மொழியைப் பிடிக்கும் வழி, நம் கரிசல் மண்ணுக்குப் பழசுதான்.

இங்கிலீஷ் பேசிப் பந்தா காட்டுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. நம் பணம் போனதா, போகப்போகிறதா என்று நாமே தெரிந்துகொள்ள வேண்டாமா? பிள்ளையின் டைரியில் டீச்சர் எழுதியதை நாமே படிக்க வேண்டாமா? தினம் ஒரு மெசேஜை எடுத்து, 'ஆள் யார், காலம் எது' என்று இரண்டை மட்டும் கண்டுபிடியுங்கள். வீட்டுப் பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். பத்து நாளில் அதுகளே நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காரும்.

— ஒரு வாசகி, கோவில்பட்டி.