சிங்கையில் சூளை வைத்த நாராயண பிள்ளை

நாகப்பட்டினத்திலிருந்து கீழை நாடுகளுக்குக் கப்பலேறுவது சோழர் காலந்தொட்டு வழக்கமாயிருந்தபோதிலும், 1819இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி சிங்கப்பூரில் வணிகத்தளம் அமைத்த பின்னரே அத்தீவு காவிரி டெல்டா மக்கள் சென்று குடியேறும் ஊராயிற்று. அங்குக் கால்வைத்த முதல் தலைமுறைத் தமிழருள் வணிகராகப் பெயர் பெற்றவர் நாராயண பிள்ளை. பினாங்கில் அரசாங்க எழுத்தராக இருந்த இவர், 1819 மே மாதத்தில், அத்தளத்தை நிறுவிய ஸ்டாம்போர்டு ராஃபிள்ஸுடன் ‘இந்தியானா’ என்னும் கப்பலில் வந்திறங்கினார்.

கருவூலத்தில் நாணயங்களின் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. புதிதாக எழும் ஊருக்கு முதலில் வேண்டுவது செங்கல் என்று கணித்து, தஞ்சோங் பகார் பகுதியில் சூளை அமைத்து, பினாங்குக்குச் சொல்லியனுப்பிக் கொத்தனார்களையும் தச்சர்களையும் துணி வணிகர்களையும் வரவழைத்ததில்தான் இவருடைய வணிகக் கூர்மை வெளிப்படுகிறது. அடுத்து இவர் தொடங்கிய பருத்தித் துணிக் கடை நன்கு நடந்துவந்த வேளையில், 1822இல் தீக்கிரையாகி இவரைக் கடனில் ஆழ்த்திவிட்டது. அவ்வாண்டு மீண்டும் சிங்கப்பூர் வந்த ராஃபிள்ஸ், நகரின் வணிகச் சதுக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்ததால் தொழில் மறுபடி தலையெடுத்தது. அந்த ஆதரவு வாய்க்காத எத்தனையோ வணிகர்கள் ஏட்டிலேயே ஏறாமல் போயிருப்பர் என்பதையும் மறக்கலாகாது. தமிழர்களிடையே எழும் வழக்குகளைத் தீர்த்துவைக்கும் அதிகாரமும் இவருக்கு அளிக்கப்பட்டிருந்தது.

இவர் எழுப்ப விரும்பிய கோயிலுக்கு இடம் பெறுவது கடைக்கு இடம் பெறுவதைவிடக் கடினமாயிருந்தது. தெலுக் ஆயரில் தரப்பட்ட நிலத்தில் திருமஞ்சனத்துக்கு வேண்டிய நன்னீர் இல்லை. அடுத்த இடமோ, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த நகரமைப்புத் திட்டத்துக்கு ஒவ்வாததாயிற்று. இறுதியில் சவுத் பிரிட்ஜ் சாலையில் கிடைத்த இடத்தில், 1827இல் மரத்தாலும் கீற்றாலும் ஆன சிறு கோயில் எழுந்தது. சூளைக்காரர் எழுப்பிய கோயிலில் செங்கல் இல்லை என்பது வியப்புக்குரியதே. இவர் நிறுவிய ‘சின்ன அம்மன்’ திருவுருவத்தை, நோய் தீர்க்கும் தெய்வமாக மாரியம்மனைக் கொண்டாடும் நாகப்பட்டினம், கடலூர் வட்டாரத்துக் குடியேறிகள் வழிபட்டனர். வேலை தேடி வந்தோர்க்கு ஒதுங்க இடமாகவும், இந்துத் திருமணங்களைப் பதிவு செய்யும் இடமாகவும் அக்கோயில் பயன்பட்டது.

1973இல் இந்த மாரியம்மன் கோயில் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2019இல், ராஃபிள்ஸ் வருகையின் இருநூறாம் ஆண்டையொட்டி, சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸின் சிலைக்கருகே நாராயண பிள்ளைக்கும் ஒரு சிலை வைக்கப்பட்டது. கோயில் கட்டியவர் என்றே பெரிதும் அறியப்படும் இவரை, தமிழர் வணிக வரலாறு சூளைக்காரராகவும் துணிக்கடைக்காரராகவும் பதிந்துகொள்வதே முறை.