கதவு எண் பூஜ்யம்

செய்யாற்றில் வீட்டிலிருந்தபடியே சென்னை அலுவலகக் கணினியில் வேலை பார்க்க விபிஎன் உதவுகிறது. லினக்ஸில் பல விபிஎன்கள் ‘டன்’ என்கிற டிரைவர் வழியாகத்தான் போகின்றன. இல்லாத நெட்வொர்க் கார்டை இருப்பதுபோலக் காட்டும் சிறு நிரல் அது. கணினியின் முழு அதிகாரமும் உள்ள கெர்னலுக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. 2009-இல் அதில் ஒரு பெரிய ஓட்டை தெரியவந்தது. அதைப் பார்ப்போம்.

ஆரணிப் பட்டுக்கடைக்காரர் பையனிடம் சேலையையும் கதவு எண் எழுதிய சீட்டையும் கொடுத்தனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நினைவகத்தில் ஒரு தகவல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அந்தச் சீட்டுதான் பாயின்டர். எண் எழுதாத சீட்டில் பூஜ்யம் இருக்கும். அதை நல் பாயின்டர் என்பார்கள்.

பூஜ்ய எண்ணில் வீடே கிடையாது, பையன் திகைத்து நிற்பான், கணினி நின்றுபோகும், மறுபடி போட்டால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் அந்த மனை காலியாகக் கிடப்பது வெறும் வழக்கம்தான். பழைய லினக்ஸில் ஒரு சாதாரண நிரல்கூட அந்த இடத்தைக் கேட்டு வாங்க வழி இருந்தது. அங்கே ஒருவன் முன்கூட்டியே கொட்டகை போட்டிருந்தால், அவன் எழுதி வைத்ததை முதலாளி சொன்னதாகவே பையன் எடுத்துக்கொள்வான். பையன் கையில் இருப்பதோ கெர்னலின் சாவிக்கொத்து.

இதைத் தடுக்க 2007-லேயே ஒரு காவல் வந்துவிட்டது. 2009 ஜூலையில் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பிராட் ஸ்பெங்லர் அதையும் தாண்டி, ‘டன்’ வழியாக முழு அதிகாரத்தைப் பிடித்துக் காட்டினார்.

சீட்டு வெறுமையா என்று ‘டன்’ சோதிக்காமல் இல்லை. 2.6.30 கெர்னலில் அந்தச் சோதனை இருந்தது. ஆனால் தாமதமாக. அதற்கு முன்பே சீட்டில் சொன்ன இடத்துக்குப் போய்த் தகவலை எடுத்தாகிவிட்டது. சீட்டு வெறுமையா என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான். மனிதர் எழுதிய நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் இதைக் கவனித்தது. ஏற்கெனவே போய் எடுத்தாயிற்று என்றால் சீட்டு வெறுமையாக இருக்க முடியாது, ஆகவே இந்தச் சோதனை வீண் என்று அதை நீக்கிவிட்டது. சி மொழியின் விதிப்படி கம்பைலர் செய்ததில் தவறில்லை. நிரலைப் படிப்பவர் கண்ணுக்குச் சோதனை தெரியும். ஓடும் கணினியில் அது இல்லை. எனக்கு இந்தக் கதையிலேயே அச்சம் தருவது இந்த இடம்தான்.

கெர்னல்காரர்களும் முதலில் இதைக் கணினி நின்றுபோகும் பிழையாகத்தான் எண்ணி, வரிகளை இடம் மாற்றித் திருத்தினார்கள். ஸ்பெங்லர் காட்டிய பிறகு, பூஜ்யச் சோதனைகளை நீக்கக் கூடாது என்று கம்பைலருக்கே கட்டளையிட்டார்கள். லினக்ஸ் கெர்னல் இன்றும் அந்தக் கட்டளையோடுதான் உருவாக்கப்படுகிறது.